வீட்டில் அரைக்கும் மசாலாப் பொடி ஒரே மாதத்தில் மணம் இழக்கிறது, எப்படித் தடுப்பது?

புதுமிக்சி

எல்லோருக்கும் வணக்கம். கடையில் வாங்கும் கலவைப் பொடிகளை விட்டுவிட்டு வீட்டிலேயே அரைக்க ஆரம்பித்திருக்கிறேன். பாக்கெட்டின் பின்பக்கம் பொருட்களை எடை அதிகமானதில் தொடங்கி குறைவானது வரை என்ற வரிசையில்தான் போடுவார்கள். நான் வழக்கமாக வாங்கிய பொடி ஒன்றில் முதலில் உப்பு, அடுத்து சர்க்கரை, அதற்கப்புறம்தான் மிளகாயே வருகிறது. வீட்டில் ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர் இருப்பதால் இதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன்.

இப்போது மல்லி, சீரகம், மிளகு, காய்ந்த மிளகாய், கொஞ்சம் வெந்தயம், பட்டை, கிராம்பு, இவற்றை வறுத்து அரைத்து ஒரு கலவை. பூண்டுப் பொடி, வெங்காயப் பொடி, ஆரிகானோ, மிளகு, உப்பு சேர்த்து இன்னொரு கலவை. அரைத்த அன்று மணம் அபாரமாக இருக்கிறது. மாதம் முடிவதற்குள் முதல் கலவையில் காரம் மட்டும் மிஞ்சுகிறது, மணத்தைக் காணோம். இரண்டாவது கலவை கட்டி தட்டிப்போய் கரண்டியால் குத்தி எடுக்க வேண்டியிருக்கிறது. வறுக்கும் முறையில் கவனிக்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா, இல்லை எடுத்து வைக்கும் முறையிலா? இன்னொன்று, கடைப் பொடியில் இருக்கும் அந்த நாக்கில் நிற்கும் ருசி வீட்டுப் பொடியில் வருவதே இல்லை. அது எதனால்? தெரிந்தவர்கள் விவரமாகவே சொல்லுங்கள், நீளமாக இருந்தாலும் படிப்பேன்.

மணக்கும்மல்லி

காரம் மிஞ்சுகிறது, மணம் போகிறது என்று நீங்கள் எழுதியதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசினும் மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரினும் சுலபமாக ஆவியாகிப் போகிற பொருட்கள் இல்லை. மணம் அப்படியல்ல. மல்லிக்கு லினலூல், கிராம்புக்கு யூஜெனால், பட்டைக்கு சின்னமால்டிஹைடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆவியாகும் எண்ணெய் இருக்கிறது, முழு விதைக்குள் அது பத்திரமாக இருக்கும், பொடித்த நிமிடத்தில் இருந்து வெளியேற ஆரம்பிக்கும். அரைக்கும்போது வீடே மணக்கிறது என்று சந்தோஷப்படுகிறோம், அந்த மணம் ஜாடிக்குள் இருக்க வேண்டியது. ஆகவே பொடி பழசாகிவிட்டதா என்று நாக்கில் வைத்துப் பார்த்தால் தெரியாது, உள்ளங்கையில் ஒரு சிட்டிகை போட்டுத் தேய்த்து முகர்ந்து பாருங்கள்.

வறுப்பதில் முக்கியமான விஷயம், எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வறுக்கவே கூடாது. சீரகம் சின்னது, உடனே நிறம் மாறும், மல்லி உருண்டை, உள்ளே சூடு ஏற நேரம் எடுக்கும். ஒன்றாகப் போட்டால் மல்லி பதத்துக்கு வருவதற்குள் சீரகம் கருகும். மல்லியை அடி கனமான வாணலியில், சிறு தீயில், ஒரு அடுக்குக்கு மேல் இல்லாமல் பரப்பிப் போடுங்கள். முதலில் பச்சை வாடைதான் வரும், புல்லைக் கசக்கியது போல. கொஞ்ச நேரத்தில் அது மறைந்து எலுமிச்சைத் தோலை நினைவுபடுத்தும் ஒரு மணம் எழும், விதை வாணலியில் உருளும் சத்தமும் மாறும், ஈரம் போய் லேசாகிக் கலகலவென்று கேட்கும். இரண்டு விதையை எடுத்து விரலால் அழுத்தினால் நொறுங்க வேண்டும். அந்த இடத்தில் இறக்கிவிட வேண்டும், நிறம் பழுப்பாகட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. இறக்கியதும் வேறு தட்டுக்கு மாற்றுவதும் முக்கியம், சூடான வாணலியிலேயே விட்டால் அது பாட்டுக்கு வறுபட்டுக்கொண்டே இருக்கும்.

வெந்தயம் பொன்னிறம் தாண்டக் கூடாது. சிவந்து கறுத்துவிட்டால் அந்தக் கசப்பு கலவை முழுவதையும் பிடித்துக்கொள்ளும், அதைச் சரிசெய்ய வழி இல்லை, ஆகவே வெந்தயத்தை மட்டும் எட்ட நின்று வறுக்காதீர்கள். மிளகாயைக் கடைசியில், அடுப்பை அணைத்த சூட்டிலேயே பிரட்டினால் போதும், கமறலும் குறையும். மஞ்சள் பொடி, மிளகாய்ப் பொடி மாதிரி ஏற்கெனவே பொடியாக இருப்பவற்றை வறுக்கவே வேண்டாம், அரைத்த பிறகு கலந்துகொள்ளலாம்.

அடுத்தது மிக்சி. நீளமாக ஓட்டினால் ஜார் சூடாகும், அந்தச் சூட்டிலேயே எண்ணெய் பறந்துவிடும். பெரிய ஆலைகளில் சிலவற்றில் இந்தக் காரணத்துக்காகவே மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜனை விட்டுக் குளிரவைத்து அரைக்கிறார்கள். நமக்கு அவ்வளவு தேவையில்லை, வறுத்ததை முழுக்க ஆறவிட்டு, விட்டு விட்டுச் சில நொடிகள் ஓட்டி, ஜாரின் அடியைத் தொட்டுப் பாருங்கள், சூடு தெரிந்தால் மூடியைத் திறக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் வைத்துவிட்டுத் தொடருங்கள். அரைத்ததைச் சலித்து, மேலே நிற்கும் கப்பியைத் திரும்பப் போட்டு அரைப்பது நல்லது, ஆனால் ரொம்ப மைதாவாக ஆக்க வேண்டியதில்லை. எவ்வளவு நைசோ அவ்வளவு சீக்கிரம் மணம் போகும்.

இவ்வளவும் செய்தாலும் அளவு பெரிதாக இருந்தால் பலன் இல்லை. முழுப் பொருட்களை வருடக்கணக்கில் வைக்கலாம், பொடியை மூன்று வாரத்துக்கு மேல் வராத அளவுக்கு அரையுங்கள். வீட்டில் அரைப்பதில் இருக்கும் ஒரே பெரிய அனுகூலம் அதுதான், அதை விட்டுவிட்டு ஒரே நாளில் இரண்டு கிலோ அரைத்து வைத்தால் கடைப் பாக்கெட்டுக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லை.

கரம்மிளகு

மேலே சொன்னதில் அரைப்பது பற்றிய எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன், வறுப்பதில் மட்டும் எனக்கு வேறு கருத்து. எடுத்து வைக்கப் போகிற கலவையை வறுக்க வேண்டாம் என்பேன்.

வறுக்கும்போது இரண்டு காரியம் நடக்கிறது. விதையில் இருக்கும் புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து, வறுபட்ட மணம் என்று நாம் சொல்வது புதிதாக உருவாகிறது. அதே நேரத்தில் விதைக்கே உரிய மெல்லிய மணம், பூ மணம், பழ மணம், அதெல்லாம் பறக்கிறது. எது வேண்டும் என்பது சமையலைப் பொறுத்தது. அடுப்பில் எண்ணெய் விட்டு, அதில் பொடியைப் போட்டு லேசாகப் புரட்டப் போகிறீர்கள் என்றால், அந்த எண்ணெயிலேயே அது வறுபடும். மசாலா மணங்களில் பெரும்பாலானவை தண்ணீரைவிடக் கொழுப்பில் நன்றாகக் கரையும், கேப்சைசினும் அப்படித்தான். முன்பே வறுத்த பொடியை மறுபடி எண்ணெயில் போட்டால் கருகுவதற்கான தூரம் ரொம்பக் குறைவு. ஆகவே எண்ணெயில் போடும் கலவை வறுக்காதது, இறக்கிய பிறகு மேலே தூவும் கலவை வறுத்தது, இப்படித்தான் நான் பிரித்து வைத்திருக்கிறேன்.

அப்புறம், சீரகத்தில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் கொழுப்பு இருக்கிறது, மல்லியிலும் கிட்டத்தட்ட அந்த அளவுக்குப் பக்கம். பொடித்ததும் அது காற்றோடு சேர்ந்து மெல்ல மெல்லக் காறல் ஏறும். நீங்கள் சொல்லும் மணம் போன நிலைக்கு அடுத்த கட்டம் இந்தச் சிக்கு வாடைதான். எள், கசகசா, முந்திரி, நிலக்கடலை மாதிரி கொழுப்பு இன்னும் அதிகமானவற்றை எடுத்து வைக்கும் பொடியில் சேர்க்கவே வேண்டாம், அன்றன்றைக்கு அரைத்துச் சேருங்கள்.

வறுக்காவிட்டால் ஈரம் இருக்குமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நல்ல வெயிலில் காயவைத்தாலே போதும், ஆனால் முழுசாக இருக்கும்போது மட்டும், பொடியாக்கிய பிறகு வெயிலைக் காட்டாதீர்கள். மஞ்சளின் நிறமும் மிளகாயின் நிறமும் வெளிச்சத்தில் வெளுக்கும். கண்ணாடி ஜாடியில் அடுக்கி ஜன்னலோரம் வைப்பது பார்க்க அழகாக இருக்கும், பொடிக்கு அது கெடுதல். அடுப்புக்கு மேல் இருக்கும் அலமாரியும் வேண்டாம்.

மணக்கும்மல்லி

கரம்மிளகு, தூவுவதற்கு ஒன்று, எண்ணெயில் போட ஒன்று என்று பிரிப்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் வறுக்காத மல்லி அதிகம் உள்ள கலவை மிக்சியில் சரியாக அரைபடாது, தோல் தோலாக நிற்கும், சலித்தால் பாதி கப்பியாகப் போகும். அதனால் மல்லிக்கு மட்டுமாவது வாணலிச் சூடு காட்டுங்கள், நொறுங்கும் பதம் வரைக்கும், மணம் எழும் முன்பே இறக்கிவிடுங்கள்.

கரம்மிளகு

அது சரி. மல்லிக்கு ஒப்புக்கொள்கிறேன்.

புதுமிக்சி

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. நான் எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் வறுத்துக்கொண்டிருக்கிறேன், ஜாடியும் அடுப்புக்கு மேல்தான் இருக்கிறது, இன்றே இடம் மாற்றுகிறேன். கட்டி தட்டுவதைப் பற்றியும் அந்த ருசியைப் பற்றியும் யாராவது சொல்லுங்களேன். ஃப்ரீசரில் வைத்தால் நல்லதா?

ஆய்வுக்கூடம்

கட்டி தட்டும் கலவையில் பூண்டுப் பொடி, வெங்காயப் பொடி, உப்பு மூன்றும் இருக்கிறது இல்லையா, மூன்றும் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். பூண்டிலும் வெங்காயத்திலும் சர்க்கரை வகைகள் அதிகம், ஈரம் பட்டதும் பிசுபிசுப்பாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கடைப் பொடி கட்டி தட்டாமல் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் சிலிக்கான் டையாக்சைடோ கால்சியம் சிலிக்கேட்டோ கொஞ்சம் கலந்திருப்பது, பாக்கெட்டில் 551, 552 என்ற எண்ணாகப் போட்டிருப்பார்கள். அனுமதித்த அளவில் அதில் பயப்பட ஒன்றும் இல்லை, வீட்டில் அது தேவையும் இல்லை. உப்பைக் கலவையில் இருந்து எடுத்துவிடுங்கள், பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்கு, வாணலியில் சூடுகாட்டி ஆறவைத்த அரிசியைச் சின்னத் துணியில் முடிந்து ஜாடிக்குள் போடலாம், ஓரளவு உதவும்.

ஆனால் நான் பார்த்தவரை ஈரம் உள்ளே போகிற முக்கிய வழி வேறு. கொதிக்கிற பாத்திரத்துக்கு மேல் ஜாடியைக் கவிழ்த்து நேராகத் தூவுவோம். அந்த நேரத்தில் ஆவி நேராக ஜாடிக்குள் ஏறுகிறது, மூடியதும் உள்ளே நீராக நிற்கிறது. ஒரு சின்னக் கிண்ணத்திலோ உலர்ந்த உள்ளங்கையிலோ எடுத்துக்கொண்டு, ஜாடியை மூடிவிட்டு, அப்புறம் தூவுங்கள். இது ஒன்றைச் செய்தாலே வித்தியாசம் தெரியும்.

ஃப்ரீசர் நல்லதுதான், மணம் வெளியேறுவதும் காறல் ஏறுவதும் குளிரில் மெதுவாகும். ஆனால் வெளியே எடுத்ததும் திறக்கக் கூடாது, குளிர்ந்த பொடியின் மேல் வெளிக்காற்றின் ஈரம் உடனே படியும். அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியபடி வைத்திருந்து திறக்க வேண்டும். தினமும் அப்படிக் காத்திருக்க யாராலும் முடியாது, ஆகவே வாரத்துக்கு வேண்டியதை வெளியே சின்ன ஜாடியில், மிச்சத்தைச் சின்னச் சின்னப் பொட்டலமாக உள்ளே.

சுத்தம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். காய்ந்த பொடியில் கிருமி வளராது என்பது உண்மை, செத்துப்போகும் என்பது உண்மை இல்லை. சால்மோனெல்லா மாதிரியானவை உலர்ந்த மசாலாவில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஈரமும் உணவும் கிடைத்ததும் பெருகும். கொதிக்கும் பண்டத்தில் போடும் பொடிக்கு இது பெரிய கவலை இல்லை. வெட்டிய பழம், சாலட், தயிர் இவற்றின் மேல் பச்சையாகத் தூவுவதாக இருந்தால் வறுத்த மசாலாவைப் பயன்படுத்துவது ஓரளவு பாதுகாப்பு. ஈரக் கரண்டி எந்த ஜாடிக்குள்ளும் போகவே கூடாது.

இனி அந்த நாக்கில் நிற்கும் ருசி. அது குளூட்டமேட். 1908-ல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா கொம்பு என்ற கடற்பாசியில் இருந்து பிரித்தெடுத்து, இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பில் சேராத தனிச் சுவை இது என்று உமாமி என்று பெயர் வைத்தார். கடைக் கலவைகளில் மோனோசோடியம் குளூட்டமேட்டாகவோ ஈஸ்ட் சாறாகவோ சேர்ப்பார்கள், 621 என்ற எண்ணைப் பாருங்கள். வீட்டில் அதே வேலையைக் காய்ந்த தக்காளிப் பொடியும் காய்ந்த காளான் பொடியும் செய்யும். இரண்டையும் சேர்த்துப் போடுவதுதான் சூட்சுமம்: தக்காளியில் குளூட்டமேட் இருக்கிறது, காய்ந்த ஷிடாகே காளானில் குவனிலேட் என்ற இன்னொரு உமாமிப் பொருள் இருக்கிறது, இவை இரண்டும் சேரும்போது சுவை கூட்டல் கணக்கில் வராமல் பல மடங்காக எழும். பூண்டுக் கலவையில் நாலு பங்குக்கு ஒரு பங்கு தக்காளிப் பொடி, அரைப் பங்கு காளான் பொடி என்று தொடங்கிப் பாருங்கள்.

உப்புக்குறைவு

நான் வருவதே இந்த உப்பு விஷயத்துக்குத்தான், ஏனென்றால் எங்கள் வீட்டிலும் அதே நிலைமை.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. அது நாள் முழுக்கச் சாப்பிடும் எல்லாவற்றிலும் சேர்த்து. கலவையில் உப்பு இருந்தால் கணக்கு வைக்கவே முடியாது, இன்னும் கொஞ்சம் மணம் வேண்டும் என்று அரைக் கரண்டி கூட்டினால் உப்பும் கூடுகிறது. உப்பைத் தனியாக, கடைசியில், நாக்கில் படும்படி மேலாகத் தூவினால் குறைந்த அளவே போதும். ஆய்வுக்கூடம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், மோனோசோடியம் குளூட்டமேட்டில் எடையில் 12 சதவீதம்தான் சோடியம், சாதா உப்பில் 39 சதவீதம். அதனால் கொஞ்சம் அதைச் சேர்த்து உப்பைக் குறைப்பதும் ஒரு வழிதான், வெறுக்க வேண்டியதில்லை.

உப்புக்குப் பதிலாக விற்கும் பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கும், ரத்த அழுத்த மருந்துகளில் சில வகை சாப்பிடுகிறவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடும், அது ஆபத்து. உங்கள் வீட்டில் மருந்து சாப்பிடுகிறவர் இருக்கிறார் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

உப்பில்லாத கலவை சப்பென்று தெரிவதற்குப் பெரும்பாலும் காரணம் புளிப்பு இல்லாதது. சுமாக் என்ற புளிப்பான பழப் பொடி, காய்ந்த மாங்காய்ப் பொடி, எலுமிச்சைத் தோல் பொடி, இதில் ஏதாவது ஒன்று கலவையில் இருந்தால் நாக்கு உப்பைத் தேடாது. காரத்தைக் கூட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், அது வேறு திசையில் போகும்.

பட்டையைப் பற்றி: கலவையில் தினமும் பட்டை சேர்ப்பதாக இருந்தால் மெல்லிய அடுக்குகளாகச் சுருண்டிருக்கும் சிலோன் பட்டையை வாங்குங்கள். தடித்து ஒரே ஓடாக இருக்கும் காசியா வகையில் கூமரின் என்ற இயற்கைப் பொருள் அதிகம், அது கூடினால் கல்லீரலுக்கு ஆகாது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் வரம்பு ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம், 60 கிலோ எடை உள்ளவருக்கு 6 மில்லிகிராம். ஒரு தேக்கரண்டி காசியாப் பொடியே அதைத் தொட்டுவிடலாம். எப்போதாவது ஒரு சிட்டிகை என்றால் கவலை இல்லை. பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, ஜாதிக்காய் நான்கும் எப்படியும் கலவையில் அடக்கமாகத்தான் இருக்க வேண்டும், கிராம்பு கொஞ்சம் தூக்கினாலே மற்ற எதுவும் தெரியாமல் போய்விடும்.

அப்புறம் முடிந்தவரை முழுசாகவே வாங்குங்கள். மஞ்சள் பொடியில் நிறத்துக்காக லெட் குரோமேட் என்ற ஈய நிறமி, மிளகாய்ப் பொடியில் சூடான் சாயம் கலந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. முழு மிளகாயில், முழுச் சீரகத்தில் கலப்படம் செய்தால் கண்ணுக்கே தெரிய வாய்ப்பு அதிகம்.

புதுமிக்சி

பொட்டாசியம் உப்பு பற்றிச் சொன்னதற்குத் தனியாக நன்றி, வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். கடைசியாக ஒன்று. பூண்டுப் பொடியையும் எலுமிச்சைத் தோல் பொடியையும் நானே காயவைத்துச் செய்யலாமா? பச்சைப் பூண்டை நசுக்கி எண்ணெயில் ஊறப்போட்டு வைத்தால் மணம் இன்னும் நன்றாக இருக்கும் என்கிறார்கள், அதுவும் சரியா?

ஆய்வுக்கூடம்

எண்ணெயில் பச்சைப் பூண்டை ஊறப்போட்டு வெளியே வைக்கவே வைக்காதீர்கள். பூண்டு மண்ணுக்குள் விளைவது, போட்டுலிசம் என்ற கடும் நச்சு நோயை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் (ஸ்போர்கள்) அதன் மேல் இருக்கலாம். காற்று இல்லாத, புளிப்பு இல்லாத இடம்தான் அதற்குத் தோது, எண்ணெய்க்குள் அமிழ்ந்த பூண்டு அப்படியே அந்த இடம். வாடையிலோ நிறத்திலோ எதுவும் தெரியாது. செய்தே ஆக வேண்டும் என்றால் கொஞ்சமாகச் செய்து, உடனே ஃப்ரிட்ஜில் வைத்து, நாலு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள், மீந்தால் கொட்டிவிடுங்கள்.

காயவைத்துப் பொடி செய்வதில் இந்த ஆபத்து இல்லை. பூண்டை ஒரே கனமாக மெல்லிசாகச் சீவி 55 முதல் 60 டிகிரிச் சூட்டில், ஓவனிலோ உலர்த்தும் இயந்திரத்திலோ, ஒடித்தால் படக்கென்று ஒடியும்வரை வையுங்கள், வளைந்தால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். எலுமிச்சையில் மஞ்சள் தோலை மட்டும் சீவுங்கள், உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி சேர்ந்தால் கசக்கும். இரண்டையும் காய்ந்த உடனே அரைக்காமல், கண்ணாடி ஜாடியில் மூடி சில நாள் வைத்து, தினமும் ஒருமுறை குலுக்கிப் பாருங்கள். உள்சுவரில் பனி படிந்தாற்போல் தெரிந்தால் திரும்பவும் காயவைக்க வேண்டும். ஒன்றும் தெரியாவிட்டால் அரைத்துக்கொள்ளலாம், அதுவும் அந்தந்த மாதத்துக்கு மட்டும், மிச்சம் சீவலாகவே இருக்கட்டும்.